கெய்லார்டியா: இலை செழிப்பு, பூ இல்லை

மாடிவாசி, வேளச்சேரி:
மொட்டை மாடியில் நாலு குரோ பேக்கில் கெய்லார்டியா வைத்திருக்கிறேன். பாதி கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), பாதி மண்புழு உரம். காலை மாலை தண்ணீர், வாரம் ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசல். செடி பச்சைப்பசேல் என்று வளர்ந்து சாய்கிறது, பூ இரண்டு மூன்றுதான். போன வார மழைக்குப் பிறகு ஒன்று வாடிவிட்டது. தண்ணீர் ஊற்றியும் எழவில்லை. என்ன செய்யலாம்?

செம்மண்:
ஈர மண்ணில் நிற்கும் செடி வாடினால் இன்னும் தண்ணீர் ஊற்றாதீர்கள் சார். மெல்ல இழுத்துப் பாருங்கள். அடித்தண்டு பழுப்பேறி, வேரின் தோல் உருவிக்கொண்டு வந்தால் வேர் அழுகல்தான். பிழைக்காது, மண்ணோடு அப்புறப்படுத்துங்கள்.

அமெரிக்காவின் வறண்ட மணற்பாங்கான நிலத்துச் செடி இது. நீங்கள் கொடுப்பது கீரைக்கான கவனிப்பு! தழைச்சத்து கூடினால் இலைதான் வரும், தண்டும் நொய்ந்து சாயும். புண்ணாக்கை இன்றே நிறுத்துங்கள். செம்மண் 2 பங்கு, ஆற்று மணல் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு போதும். எம்-சாண்ட் என்றால் தூசி போகக் கழுவிவிட்டுச் சேருங்கள், இல்லாவிட்டால் இறுகிவிடும். பையைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தரையோடு ஒட்டினால் துளை அடைத்துக்கொள்ளும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர், அதுவும் அடியில். மழை முடியும்வரை மண் மாற்ற வேண்டாம். செடியை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு, மழை படாத, ஆனால் வெயில் வரும் இடத்துக்கு நகர்த்துங்கள்.

கடற்கரைச்சாலை, திருவான்மியூர்:
ஆறு மணி நேர நேர்வெயில் கட்டாயம். உப்புக்காற்றைப் பொறுத்துக்கொள்ளும், எங்கள் பக்கத்துக்குத் தோதான செடி.

புதிதாக விதைப்பதென்றால் ஜனவரியில் விதையுங்கள். விதையை மண்ணால் மூடிவிடாதீர்கள், வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். மேலே தூவி, உள்ளங்கையால் அழுத்தி, ஸ்பிரேயரில் ஈரம் காட்டினால் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். நாலைந்து இலை வந்ததும் பைக்கு ஒன்றாக நடுங்கள். நாலு அங்குலம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை வரும். ஏப்ரல் வாக்கில் பூக்கத் தொடங்கும். ஹைபிரிட் செடியில் எடுத்த விதை தாய்ச்செடி மாதிரியே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வாடிய பூவை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இதழ் உதிர்ந்தபின் நிற்கும் உருண்டையைப் புது மொட்டு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மொட்டு தட்டையாகப் பச்சையாக இருக்கும். முடிந்த பூ முடி முடியாகப் பந்து மாதிரி இருக்கும். அதைக் காம்போடு, கீழே உள்ள இலைக்கணு வரை வெட்டுங்கள்.

மாடிவாசி:
நன்றி. இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. இன்னொரு செடியில் பூவே பச்சையாக, இதழுக்குப் பதில் குட்டி இலைகளாக வருகிறதே?

செம்மண்:
அது உரக்குறை இல்லை. பெரும்பாலும் தத்துப்பூச்சி பரப்பும் ஃபைட்டோபிளாஸ்மா (பாக்டீரியா வகை நுண்ணுயிரி) நோய். மருந்து கிடையாது, வெட்டிவிட்டாலும் மறுபடி அப்படியேதான் பூக்கும். பிடுங்கிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். மற்ற இரண்டுக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். வாரம் ஒருமுறை. மழை வந்தால் மறுநாள் திரும்ப அடிக்க வேண்டும்.