ஜிடிபி பைதான் ஸ்கிரிப்ட் பாதியில் நிற்கிறது, எந்த வரியில் என்று தெரியவில்லை

மன்னார்குடி_மோட்டார்:
வாய்க்கால் நீர்மட்டம் பார்த்து பம்புசெட்டை நிறுத்தும் போர்டு. அளவீடுகள் லிங்க்டு லிஸ்டில் (ஒவ்வொரு நோடும் அடுத்த நோடின் முகவரியை நெக்ஸ்ட்டில் வைத்திருக்கும் பட்டியல்) இருக்கின்றன. அதை அச்சிட, பிழை தேடும் கருவியான ஜிடிபிக்குள் ஒரு பைதான் கட்டளை எழுதினேன். நடுவில் ‘கேனாட் ஆக்சஸ் மெமரி’ (நினைவகத்தை அணுக முடியவில்லை) என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. பிழையைப் பிடிக்கும் ட்ரை-எக்ஸெப்ட் போட்டும் பிடிபடவில்லை. குறுவைக்குத் தண்ணீர் வருவதற்குள் போர்டைக் கொடுக்க வேண்டும்.

கும்பகோணம்_கர்னல்:
முதலில் ‘செட் பைதான் பிரிண்ட்-ஸ்டாக் ஃபுல்’ கொடுங்க தம்பி. இயல்பில் செய்தி மட்டும்தான் காட்டும். இது போட்டால் வரி எண்ணோடு முழு ட்ரேஸ்பேக் (பிழை எந்தெந்த வரி வழியாக வந்தது என்ற பட்டியல்) வரும்.

ட்ரை ஏன் பிடிக்கவில்லை என்றால், நிரலின் மதிப்பைப் பைதானுக்குத் தரும் ஜிடிபி.வேல்யூ ஒரு சோம்பேறி. பார்ஸ்-அண்ட்-ஈவால் மூலம் மதிப்பைக் கேட்கும்போது அந்த மதிப்பை நினைவகத்திலிருந்து படிக்காது. பிறகு நீங்கள் பிரிண்ட் பண்ணும்போதுதான் படிக்கும், பிழையும் அங்கேதான் வெடிக்கும். ட்ரைக்கு உள்ளேயே, உடனே படிக்க வைக்கும் ஃபெட்ச்_லேசி கூப்பிடுங்க. பிடிக்க வேண்டியது ஜிடிபி.மெமரிஎரர்.

திருவாரூர்_பிட்:
வெறும் எக்ஸெப்ட் மட்டும் போடாதீங்க அண்ணே. ஓட்டத்தை நிறுத்த அழுத்தும் கன்ட்ரோல்-சி கீபோர்ட்இன்டரப்ட் என்ற பிழையாக வரும், அதையும் விழுங்கிவிடும். லிஸ்ட் வட்டமாகச் சுற்றினால் நிறுத்தவே முடியாது. தவறான ஆர்குமென்ட் மாதிரி பயனர் பிழைக்கு ஜிடிபி.ஜிடிபிஎரர் எழுப்புங்க, ட்ரேஸ்பேக் இல்லாமல் செய்தி மட்டும் வரும்.

மன்னார்குடி_மோட்டார்:
ஃபுல் போட்டதும் தெரிந்தது, பிரிண்ட் வரிதான். கடைசி நோடின் நெக்ஸ்ட்டில் முடிவைக் காட்டும் பூஜ்யம் இல்லை, குப்பை முகவரி. ஆக ஸ்கிரிப்ட் சரி, போர்டில் ஓடும் நிரலான ஃபர்ம்வேரில்தான் வேலை.