மினி குவில்ட்டுக்குத் தமிழில் ஒரு சொல்

மடல் 1

அனைவருக்கும் வணக்கம்.

பொழுதுபோக்காகக் குவில்ட் தைப்பவள் நான். பெரியது இல்லை, சுவரில் மாட்டவும் மேசை நடுவில் விரிக்கவும் ஆகிற மினி குவில்ட்கள்தான். புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்காகத் தமிழில் ஒரு செய்முறைத் தொடர் எழுதத் தொடங்கினேன். முதல் பத்தியிலேயே வண்டி நின்றுவிட்டது. ‘குவில்ட்’ என்றே எழுதிவிடலாம் என்று பார்த்தால், அது பெயராகவும் வருகிறது, வினையாகவும் வருகிறது. ‘குவில்ட்டைக் குவில்ட் செய்து முடித்ததும் குவில்ட் செய்த துணியின் ஓரத்தை...’ என்று ஒரு வாக்கியம் அமைந்தது. எழுதிய எனக்கே மூச்சு முட்டியது.

பழக்கமில்லாதவர்களுக்கு: மேலே ஒரு துணி, நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு, அடியில் இன்னொரு துணி. மூன்றையும் ஊடுருவித் தையல் ஓட்டினால் குவில்ட். மேல்துணி பெரும்பாலும் பல வண்ணத் துண்டுகளை இணைத்துச் செய்ததாக இருக்கும்.

இதற்கு என்ன சொல்லலாம்? ‘மினி’க்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மடல் 2

அம்மா, வணக்கம்.

இதில் திகைக்க ஒன்றுமில்லை. துண்டுகளை ஒட்டுப் போட்டுத் தைப்பதால் ‘ஒட்டுத்துணிப் போர்வை’. சின்னதாக இருந்தால் முன்னால் ‘சிறு’ சேர்த்துக்கொள்ளுங்கள். படித்த உடனே புரியும். கலைச்சொல்லுக்கு அதுதானே முதல் தகுதி.

‘கந்தை’யையும் எண்ணிப் பார்க்கலாம். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி நூலோட்டித் தைப்பதைக் ‘காந்தா’ என்கிறார்கள். நம் கந்தையோடு உறவுள்ள சொல்தான் அது.

மடல் 3

ஐயா, உடனே எழுதியதற்கு நன்றி. ஒவ்வொன்றாக வருகிறேன்.

> ஒட்டுத்துணிப் போர்வை

இந்தச் சொல்லில் இரண்டு பாதியும் இடிக்கிறது. முதலில் ஒட்டு. ஒட்டே இல்லாத குவில்ட்கள் உண்டு. லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிசிலித் தீவுக் குவில்ட் ஒன்று இருக்கிறது. டிரிஸ்டன் என்ற இடைக்கால ஐரோப்பியக் கதை வீரனின் காட்சிகளை அதில் லினன் துணியின் மேல் தையலாலும், உள்ளே பஞ்சு திணித்து எழுப்பிய புடைப்பாலும் காட்டியிருக்கிறார்கள். வண்ணத் துண்டு என்று எதுவும் கிடையாது. இதற்கு மாறாக, துண்டு துண்டாக இணைத்து ஒரு திரைச்சீலை தைத்தால் அது நல்ல ஒட்டுவேலை, ஆனால் குவில்ட் ஆகாது. ‘ஒட்டுவேலை’யை அந்த இணைப்பு வேலைக்கே வைத்துக்கொள்ளலாம், அங்கே அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

அடுத்தது போர்வை. நான் தைப்பதை யாரும் போர்த்திக்கொள்ள முடியாது. பொம்மைக்கு வேண்டுமானால் போர்த்தலாம். கைப்பை, மேல்சட்டை, சூடான பாத்திரம் பிடிக்கும் துணி எல்லாவற்றையும் இதே முறையில் தைக்கிறார்கள். பயனை வைத்துப் பெயர் வைத்தால் பயன் மாறும்போதெல்லாம் பெயரும் மாற வேண்டியிருக்கும்.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் மெத்தை, திண்டு என்று பொருள்படும் ‘குல்கிட்டா’. அவர்கள் பஞ்சிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். நாமும் அங்கிருந்தே தொடங்க வேண்டியதில்லை. தைக்கிறவர்கள் கையில் இந்த வேலையின் உயிர் தையலில்தான் இருக்கிறது. அடுக்குகளை ஊடுருவும் தையல் இல்லாவிட்டால், துவைக்கும்போது நடுப்பஞ்சு நகர்ந்து ஒரு மூலையில் திரண்டுவிடும். அதனால்தான் எத்தனை அங்குலத்துக்குள் ஒரு தையல் வரி வந்தாக வேண்டும் என்று பஞ்சு விரிப்பின் உறையிலேயே அச்சிடுகிறார்கள். அழகும் அங்கிருந்துதான் வருகிறது. நூல் இழுக்கிற இடம் பள்ளமாகும், இழுக்காத இடம் மேடாகும், பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் வெள்ளைத் துணியில்கூட உருவம் தெரியும். பருத்திப் பஞ்சாக இருந்தால் முதல் துவைப்பில் அது கொஞ்சம் சுருங்கும். வரிகளுக்கு நடுவே துணி இலேசாகச் சுருக்கம் காணும். அந்தச் சுருக்கத்துக்காகவே தைப்பவர்கள் இருக்கிறார்கள்.

> கந்தை

உறவு சரி. ஆனால் தமிழில் கந்தை என்றதும் கசக்கிக் கட்டுவதுதான் நினைவுக்கு வருகிறது. பரிசாகக் கொடுக்கும்போது ‘இந்தாருங்கள், என் கந்தை’ என்று நீட்ட மனம் வராது.

> சின்னதாக இருந்தால் முன்னால் ‘சிறு’

இங்கேதான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ‘மினி’ என்ற பெயரில் இரண்டு வேறு பொருள்கள் புழங்குகின்றன. ஒன்று, அளவில் மட்டும் சின்னது. பெரிய குவில்ட்டுக்கு வெட்டும் அதே 4 அங்குலக் கட்டங்களை நாலுக்கு நாலாக வைத்து நிறுத்திக்கொண்டால் 16 அங்குலத்தில் ஒரு சிறியது கிடைக்கும். பாதியில் நிறுத்திய பெரிய குவில்ட் என்றே சொல்லலாம். மற்றொன்று, முழுப் பெரிய குவில்ட்டையும் அதன் கட்டங்களோடு சேர்த்துச் சுருக்கியது. படத்தில் பார்த்தால் கட்டில் அளவு என்று தோன்றும். பக்கத்தில் ஒரு ஊசி கிடந்தால்தான் உண்மையான அளவு தெரியும். பல கண்காட்சிகளில் இந்த இரண்டாவது வகைக்கு ஒரு பக்கம் 24 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அளவோடு, உள்ளிருக்கும் துண்டுகளும் சுருங்கியிருக்கின்றனவா என்றும் பார்க்கிறார்கள்.

பெயரைப் பிரிக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் கணக்கு. துண்டுகளை இணைக்கும்போது ஒவ்வொரு ஓரத்திலும் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும். குவில்ட் சின்னதானாலும் அந்தக் கால் அங்குலம் தானாகச் சின்னதாகாது. முன்பக்கம் 4 அங்குலச் சதுரம் தெரிய வேண்டுமானால் நாலரை அங்குலம் வெட்டுவோம். பரப்பு 20.25 சதுர அங்குலம், தெரிவது 16. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு துணி பின்னால் போகிறது. ஒரு அங்குலச் சதுரத்துக்கு ஒன்றரை வெட்டினால் பாதிக்கு மேல் பின்னால் போகிறது. அரை அங்குலச் சதுரத்துக்கு ஒரு அங்குலம் வெட்ட வேண்டும். முக்கால் பங்கு துணி கண்ணுக்கே தெரியாது! பின்பக்கம் திருப்பினால் இரண்டு ஓரமும் வந்து நடுவில் முட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கட்டமும் சின்னத் தலையணை மாதிரி தடித்து நிற்கும். ஆகவே தைத்த பிறகு ஓரத்தை அரைக்கால் அங்குலமாக நறுக்கி, ஒரே பக்கம் சாய்க்காமல் இரண்டு பக்கமும் பிரித்து இஸ்திரி போடுகிறோம். (அரைக்காலுக்கும் அதற்குக் கீழே வீசத்துக்கும் பெயர் வைத்த மொழியில் இந்தக் கைவேலைக்குச் சொல் கிடைக்காமல் போகாது என்று நம்புகிறேன்.)

பிழையும் அப்படித்தான், சுருங்காது. ஒரு வரிசையில் 12 சதுரம் என்றால் இடையில் 11 தையல். ஒவ்வொரு தையலும் 1/32 அங்குலம் உள்ளே தள்ளிப் போனால், இரு பக்கத் துண்டிலும் சேர்த்து ஒரு தையலுக்கு 1/16 அங்குலம் குறையும். மொத்தம் 11/16 அங்குலம். 48 அங்குல வரிசையில் அதைத் துணியை இழுத்துப் பிடித்தே சமாளித்துவிடலாம். 6 அங்குல வரிசையில் ஒரு சதுரத்துக்கு மேலேயே காணாமல் போய்விடும், பக்கத்து வரிசையோடு மூலை சேராது. இதற்காகத்தான் பலர் தாளில் கோடு வரைந்து, துணியைத் தாளோடு சேர்த்துக் கோட்டின் மேலேயே தைத்துவிட்டுப் பிறகு தாளைக் கிழித்து எடுக்கிறார்கள். தையல் நீளத்தை 1.5 மி.மீ. அளவுக்குக் குறைத்துக்கொண்டால் தாள் சுலபமாகக் கிழியும்.

பஞ்சு மெல்லியதாக வேண்டும், நூல் மெல்லியதாக வேண்டும், துணியில் அச்சடித்த பூவும் பொடியாக வேண்டும். கைப்பிடி அளவு ரோஜாவை அரை அங்குலத்துக்கு வெட்டினால் வெறும் சிவப்புதான் மிஞ்சும். ஆக ‘சிறு’ என்பது முதல் வகைக்குப் போதும். இரண்டாவதற்கு வேறு அடைமொழி வேண்டும்.

மடல் 4

அம்மா, உங்கள் மடலைப் படித்ததும் போர்வையை மடித்து வைத்துவிட்டேன்.

நீங்கள் தேடுவது அடுக்குகளைப் பிணைக்கும் தையலுக்கு ஒரு தனிச்சொல். ‘தையல்’ பொதுச்சொல்லாகிவிட்டது, பொத்தான் தைப்பதும் தையல்தான். அதன் பழைய உறவினர் ஒருவர் வேலையில்லாமல் இருக்கிறார்: ‘துன்னல்’. துன்னம், துன்னல் இரண்டுக்கும் பழந்தமிழில் தைத்தல் என்றே பொருள். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத் தொழிலாளர் வரிசையில் ‘துன்ன காரரும் தோலின் துன்னரும்’ வருகிறார்கள். முன்னவர் துணி தைப்பவர், பின்னவர் தோல் தைப்பவர். பொருநராற்றுப்படையில் ‘வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்’ என்று ஓர் ஆடை. நெய்த நூல் போக வேறு நூல் புகுந்து புகுந்து தைத்த துணி. உங்கள் வேலையும் வேற்றிழை நுழைப்பதுதானே?

இன்னொரு வசதி. துன்னுதல் என்ற வினைக்கு நெருங்குதல், பொருந்துதல் என்ற பொருளும் உண்டு. மூன்று அடுக்கு நெருங்கிப் பொருந்துவதையும் ஊசி தைப்பதையும் ஒரே சொல் தாங்கிக்கொள்ளும். அமைப்பும் புதிதல்ல. பின்னு, பின்னல்; தை, தையல்; துன்னு, துன்னல். ‘பின்னல்’ செயலையும் குறிக்கிறது, பின்னி முடித்ததையும் குறிக்கிறது. துன்னலும் அப்படியே இரண்டுக்கும் நிற்கும். உங்கள் மூச்சு முட்டாது.

அடைமொழிக்கு முதலில் ‘நுண்’ என்று நினைத்தேன். புணர்த்தினால் ‘நுண்டுன்னல்’ ஆகி நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அளவில் மட்டும் சின்னதற்குச் ‘சிறுதுன்னல்’, முழு உருவமும் சுருங்கியதற்குச் ‘சிற்றுருத் துன்னல்’. சரிதானா பாருங்கள்.

மடல் 5

ஐயா, அக்கா, வணக்கம். குறுக்கே வருகிறேன், கோபிக்க வேண்டாம்.

சென்னைத் தமிழில் ‘துன்னு’ என்றால் தின்னு. ‘நேற்று ராத்திரி ஒரு சிறுதுன்னல் துன்னினேன்’ என்று அக்கா எழுதினால் பாதிப் பேர் என்ன பலகாரம் என்று கேட்பார்கள்.

இரண்டாவது, ஐயா காட்டிய பொருநராற்றுப்படை வரிக்குச் சற்று மேலே படித்தேன். ‘ஈரும் பேனும் இருந்திறை கூடி’ என்று இருக்கிறது. புறநானூறு 136-இல் ‘இழை வலந்த பல்துன்னத்து’ என்று வருகிறது, அங்கேயும் தையல் இடுக்கில் பேன்தான் குடியிருக்கிறது. கந்தையைக் கூச்சத்தால் தள்ளிவிட்டு அதைவிடக் கந்தலான இடத்தில் போய்ச் சொல் எடுக்கலாமா? குவில்ட் என்றே இருக்கட்டுமே. சைக்கிளை சைக்கிள் என்றுதான் சொல்கிறோம்.

மடல் 6

தம்பி, சிரித்து முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பேனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கந்தை என்ற சொல் இன்றும் புழக்கத்தில் இருப்பதால் அதன் வறுமையும் கூடவே வருகிறது. துன்னல் புழக்கத்தில் இல்லாததால் அந்தப் பேனை இனி யாரும் பார்க்கப் போவதில்லை, நீங்கள் தேடிப் பிடித்ததுபோலத் தேடினால் ஒழிய.

தின்னும் சிக்கல் உண்மையானது. அதற்கு வினையை விட்டுவிடலாம். ‘துன்னினேன்’ வேண்டாம். தையல் போடுகிறோம், பின்னல் போடுகிறோம்; அதேபோலத் துன்னல் போடலாம். பெயரெச்சம் தேவைப்பட்டால் ‘துன்னலிட்ட’. ‘துன்னகாரர்’ என்று என்னைச் சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அது தையற்காரர் எல்லாருக்கும் உரிய பட்டம்; ‘துன்னல் போடுகிறவர்’ போதும்.

குவில்ட்டை நான் துரத்தவில்லை. தொடரின் தலைப்பில் அது இருக்கும், தேடி வருகிறவர்கள் அந்தப் பெயரில்தானே தேடுவார்கள். உள்ளே செய்முறையில் மட்டும் துன்னல். ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

‘மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றையும் சுருக்கமில்லாமல் அடுக்கி, பிறகு பிரித்துவிடக்கூடிய நீளத்தையலால் பிணைத்துக்கொள்ளவும். நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாகத் துன்னல் போடவும். ஓரத்திலிருந்து தொடங்கினால் துணி நடுவில் வந்து கூடி மடியும். சிறுதுன்னலில் வரிகளுக்கு இடையே இரண்டு அங்குலம் விட்டாலும் பார்க்க நன்றாக இருக்கும். சிற்றுருத் துன்னலில் அந்த இடைவெளியையும் கட்டத்துக்கு ஏற்பக் குறைக்கவும். துன்னலிட்ட பிறகு நான்கு ஓரத்தையும் நேராக வெட்டி ஓரப்பட்டி வைத்துத் தைக்கவும். சிற்றுருவுக்குப் பட்டியை இரட்டையாக மடிக்க வேண்டாம், ஒற்றையே போதும்.’

சத்தமாகப் படித்தேன், எங்கும் தடுக்கவில்லை. குவில்ட் தைக்கும் தோழி ஒருத்தியிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல் அனுப்பினேன். துன்னல் எது என்று அவள் கேட்கவில்லை, இடத்தை வைத்தே புரிந்துகொண்டாள். கேட்டது வேறு: சிற்றுருவுக்குப் பஞ்சுக்குப் பதிலாக ஒரு மடிப்பு ஃபிளானல் துணியைத்தான் நடுவில் வைக்கிறோம், அதை ‘நடுப்பஞ்சு’ என்று எப்படிச் சொல்வது என்று. அவள் கேட்பது நியாயம். ஐயாவுக்கு மறுப்பு இல்லையென்றால் அதை ‘உள்ளடுக்கு’ என்று மாற்றிவிட்டு முதல் பகுதியை வெளியிட்டுவிடுகிறேன்.