24 அங்குலமா, 27 அங்குலமா? பகலில் அச்சு வேலை, இரவில் விளையாட்டு: மொனிட்டர் எடுக்க உதவி வேண்டும்

பரந்தன்_அச்சு:
வணக்கம். பரந்தனில் சின்னதாக ஒரு ரைப்பிங், வடிவமைப்புக் கடை வைத்திருக்கிறேன். கலியாண அழைப்பிதழ், அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அச்சிடும் புத்தகம்), தவணைப் பரீட்சை வினாத்தாள் என்று பகல் முழுக்க எழுத்தோடுதான் வேலை. கடை பூட்டின பிறகு வலோரன்ட் விளையாடுவேன், இடையிடையே ஜிடிஏ 5.

இப்போது இருப்பது 19 அங்குலம், 1366×768. கல்வெட்டுப் புத்தகத்தின் இரண்டு பக்கத்தை ஒன்றாகத் திறந்தால் ஒரு வரியும் வாசிக்க முடியாது. கிராபிக்ஸ் கார்ட் ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி. அதை இப்போதைக்கு மாற்ற வசதியில்லை. மேசை இரண்டரை அடி அகலம்.

90,000 ரூபாவுக்குள் மூன்று பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது 24 அங்குலம், 1920×1080 புள்ளி, ஐபிஎஸ் வகைத் திரை, 165 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 165 தடவை படம் மாறும்). இரண்டாவது 27 அங்குலம், 2560×1440, ஐபிஎஸ், 100 ஹேர்ட்ஸ். மூன்றாவது 27 அங்குல வளைவுத் திரை, 1920×1080, விஏ வகைத் திரை, 165 ஹேர்ட்ஸ். கடையில் மூன்றாவதைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். எதை எடுக்கலாம்?

மாங்குளம்_தம்பி:
அண்ணா, உங்களுடைய கார்ட்டுக்கு முதலாவதுதான் சரி. 1080 (1920×1080) என்றால் கார்ட் வரைய வேண்டியது கிட்டத்தட்ட 20.7 லட்சம் புள்ளிகள். 1440 (2560×1440) என்றால் 36.9 லட்சம். அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் (கார்ட் வரைகிற ஒவ்வொரு தனிப் படத்துக்கும்) 1.78 மடங்கு வேலை. 4 ஜிபி கார்ட்டை வைத்துக்கொண்டு அதற்குப் போகாதீர்கள். ஜிடிஏ 5 ஓடும், ஆனால் செட்டிங்ஸை நன்றாகக் குறைக்க வேண்டி வரும். நானும் 165 ஹேர்ட்ஸில்தான் விளையாடுகிறேன், 60-க்குத் திரும்பிப் போக மனம் வராது.

ஒட்டுசுட்டான்_அக்கா:
தம்பி, முதலில் அந்த மூன்றாவதை விட்டுவிடுங்கள். 27 அங்குலத்தில் 1080 என்றால் ஓர் அங்குலத்துக்கு 82 புள்ளிதான் வரும். 24 அங்குலத்தில் அதே 1080 என்றால் 92. 27 அங்குலத்தில் 1440 என்றால் 109. படம் பார்ப்பவருக்கு இது பெரிய விசயமில்லை. பாமினி எழுத்துருவில் 9 அளவில் வினாத்தாள் அடிப்பவருக்குப் பெரிய விசயம். 82-ல் ணகரமும் னகரமும் ஒன்றுபோலத் தெரியும், மெய்யெழுத்தின் புள்ளி மேல்வரியோடு ஒட்டிக்கொள்ளும். நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ஒற்றுப்பிழை பார்க்கிறவருடைய கண்ணுக்கு அந்தப் புள்ளிகள்தான் சாப்பாடு.

இரண்டாவது விசயம் நிறம். அழைப்பிதழுக்கு வருகிறவர்கள் உங்களுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்துதானே பார்ப்பார்கள்? விஏ திரையைப் பக்கவாட்டில் பார்த்தால் நிறம் வெளிறும். நீங்கள் பார்க்கிற குங்குமச் சிவப்பும் மணமகளின் அம்மா பார்க்கிற சிவப்பும் ஒன்றாக இராது, பிறகு அச்சடித்த பின் சண்டைதான். விஏ-யில் கறுப்பு நல்ல ஆழம், மறுக்கவில்லை. வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம் ஐபிஎஸ்ஸில் வழக்கமாக 1000:1 என்றால் விஏ 3000:1 அளவில் நிற்கும். இருட்டறையில் படம் பார்க்க அது அழகு, உங்கள் வேலைக்கு ஐபிஎஸ்தான்.

மிச்சம் இரண்டு. இங்கே நான் மாங்குளம் தம்பியோடு உடன்படவில்லை. ஓர் ஏ4 தாள் 11.7 அங்குல உயரம். 24 அங்குலத் திரையின் உயரம் 11.8 அங்குலம். மேலே மெனு, கீழே டாஸ்க்பார் போனால் ஒரு பக்கத்தைக்கூட உண்மை அளவில் முழுதாகப் பார்க்க முடியாது. 27 அங்குலத் திரை 13.2 அங்குல உயரம், 23.5 அங்குல அகலம். இரண்டு ஏ4 பக்கம் உண்மை அளவில் பக்கத்துப் பக்கமாக நிற்கும், இன்னும் ஏழு அங்குலம் மிஞ்சும், எழுத்துப் பட்டியலையும் படங்களையும் அங்கே வைக்கலாம். கல்வெட்டு அடிக்கிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

பரந்தன்_அச்சு:
அக்கா, அந்த ஏ4 கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. மூன்றாவது வேண்டாம், அது முடிவு. ஆனால் 165-ஐ விட்டு 100-க்குப் போனால் விளையாட்டில் பின்தங்கிவிடுவேனா? ஜிடிஏ 5-ஐ என்ன செய்வது?

வவுனியா_வளாகம்:
165 என்ற எண்ணைப் பார்க்காமல், ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று பாருங்கள். 60 ஹேர்ட்ஸில் 16.7 மில்லிசெக்கன். 100-ல் 10. 165-ல் 6.1. ஆக, 60-லிருந்து 100-க்கு வரும்போது 6.7 மில்லிசெக்கன் குறைகிறது. 100-லிருந்து 165-க்கு இன்னொரு 3.9 மட்டும். பெரிய பாய்ச்சல் முதல் படியிலேயே முடிந்துவிடுகிறது. பரிசுக்குப் போட்டி விளையாடுகிறவருக்கு அந்த 3.9-உம் முக்கியம். இரவில் ஒரு மணித்தியாலம் விளையாடுகிறவருக்கு அதற்காகப் பகல் முழுக்க சின்னத் திரையில் கண்ணைச் சுருக்கத் தேவையில்லை.

வலோரன்ட் இலகுவான விளையாட்டு. செட்டிங்ஸைக் குறைத்தால் 1440-லும் உங்கள் கார்ட் இழுக்கும். ஜிடிஏ 5 தடுமாறினால் விளையாட்டுக்குள் 1080 வையுங்கள். படம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், ஏனென்றால் 1440 என்பது 1080-இன் 1.33 மடங்கு, புள்ளிக்குப் புள்ளி பொருந்தாது. அந்த மங்கல் பிடிக்காவிட்டால் என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஸ்கேலிங்கை (படத்தை முழுத்திரைக்கு இழுப்பதை) நிறுத்துங்கள். சுற்றிவரக் கறுப்பு விழுந்து நடுவில் 20 அங்குல அளவில் கூர்மையான படம் வரும். இப்போது உங்களிடம் இருப்பதைவிட அதுவும் பெரிதுதான்.

வாங்கும்போது அடப்டிவ் சிங்க் (கார்ட்டின் பிரேம் வேகத்துக்கு ஏற்பத் திரையும் வேகத்தை மாற்றும் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். 2019 ஜனவரியிலிருந்து என்விடியாவும் அதை டிஸ்பிளே போர்ட் என்ற கேபிள் இணைப்பு வழியாக அனுமதிக்கிறது, 1650-க்கும் வேலை செய்யும். பிரேம் ஏறி இறங்கும்போது படம் கிழியாது. உங்கள் கார்ட்டுக்குத்தான் அது கூடுதலாகத் தேவை.

மாங்குளம்_தம்பி:
அந்த மில்லிசெக்கன் கணக்கு சரிதான். கார்ட் மாற்றுவதில்லை, வேலைதான் முக்கியம் என்றால் நானும் இரண்டாவதுக்கே சொல்லுவேன்.

அண்ணா, கடையிலேயே பெட்டியைத் திறந்து, மின்சாரம் கொடுத்து, சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று ஒவ்வொரு நிறமாக முழுத்திரையில் போட்டுப் பாருங்கள். செத்த புள்ளி (ஒளிராத புள்ளி) இருந்தால் அங்கேயே தெரியும். எத்தனை புள்ளி செத்தால் மாற்றித் தருவார்கள் என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். பிறகு பஸ்ஸில் கொண்டுவந்தால் பெட்டியை நிமிர்த்தியே வையுங்கள், படுக்கப் போட்டு மேலே மூட்டை ஏற்ற விடாதீர்கள்.

முறிகண்டி_வயர்:
மின்சாரம் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. மொனிட்டர்களின் அடப்டர் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், பின்னேரத்தில் வோல்டேஜ் விழுந்தாலும் பயமில்லை. கணினிக்குத்தான் யூபிஎஸ் வேண்டும். மொனிட்டரையும் அதன் பற்றரிப் பக்கத்திலேயே கொழுவுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் போனதும் திரை இருண்டு, செய்த வேலையைச் சேமிக்க முடியாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள், ரவுட்டர் வயரையும் சேர்த்து. சுவிட்சை நிறுத்தினால் மட்டும் காணாது.

பரந்தன்_அச்சு:
27 அங்குலம் 1440 எடுத்துவிட்டேன், எல்லோருக்கும் நன்றி. புள்ளி ஒன்றும் சாகவில்லை. எழுத்தைப் பார்க்கக் கண்ணுக்கு அவ்வளவு சுகம். ஆனால் ஒரு சிக்கல்: 60 ஹேர்ட்ஸ் மட்டும்தான் காட்டுகிறது, 100 பட்டியலிலேயே இல்லை. பழைய எச்டிஎம்ஐ கேபிளைத்தான் போட்டிருக்கிறேன்.

வவுனியா_வளாகம்:
அந்தக் கேபிளைக் கழற்றிவிட்டு டிஸ்பிளே போர்ட் கேபிளைப் போடுங்கள், மொனிட்டர் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய எச்டிஎம்ஐ கேபிள் 1440-ஐ 60 ஹேர்ட்ஸுக்கு மேல் ஒழுங்காகக் கடத்தாமல் போகலாம். கேபிளைக் கார்ட்டில்தான் செருக வேண்டும், மதர்போர்ட்டின் பக்கம் இருக்கிற துவாரத்தில் இல்லை. பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்ட் டிஸ்பிளே என்று போய் 100-ஐத் தெரிவு செய்யுங்கள். கேபிள் மாற்றினாலும் விண்டோஸ் பெரும்பாலும் 60-லேயே நிற்கும், நாங்கள்தான் மாற்ற வேண்டும்.

பரந்தன்_அச்சு:
ஓம், டிஸ்பிளே போர்ட்டில் 100 வந்துவிட்டது. மவுஸை அசைக்கும்போதே வித்தியாசம் தெரிகிறது. பழைய 19 அங்குலத்தை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்து, அழைப்பிதழ் மாதிரியை அதில் காட்டலாம் என்று யோசிக்கிறேன்.

ஒட்டுசுட்டான்_அக்கா:
பெயர், திகதி, எழுத்துப்பிழை பார்க்க அது போதும் தம்பி. நிறம் பற்றிக் கேட்டால் மட்டும் அவர்களை எழும்பி வரச் சொல்லிப் புதியதில் காட்டுங்கள்.