கல்லடி வீடு – குடும்பக் குழு

சின்னவள்: பெரியப்பா, என் கதையில் ஹெர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் விமானி ஒருவனும் வீட்டா என்ற மருத்துவக் கப்பலின் தாதி ஒருத்தியும் காதலிக்கிறார்கள். 1942இல் நம் மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் தாழும்போது அவன் விமானத்தில் ஏறித் தப்புகிறான். சரிதானே?

பெரியப்பா: சரியில்லை மகள். விமானந்தாங்கிக் கப்பல் என்று பெயரே தவிர, ஏப்ரல் 9ஆம் திகதி அதில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. திருகோணமலையிலிருந்து முதல் நாள் அவசரமாகப் புறப்பட்டு வந்ததை, காலை பத்தரைக்குப் பிறகு ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் தாக்கி அரைமணி நேரத்துக்குள் தாழ்த்திவிட்டன. இறந்தவர்கள் 307 பேர். உன் காதலனை வீட்டாவின் உயிர்காப்புப் படகில் துடுப்புப் போடுபவனாக்கு. அன்று அந்தக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைத் தூக்கியெடுத்தது.

சின்னம்மா: படகிலே அவன், கப்பலிலே அவள். பேசவே நேரமில்லாத இடத்தில் என்ன காதல் அண்ணா?

மாமா: பேச்சை விடுங்கள். கடலெல்லாம் எண்ணெய் மிதந்திருக்கும். ஒருமுறை எங்கள் தோணியில் டீசல் கேன் கவிழ்ந்த நேரம் தம்பி கடலுக்குள் விழுந்தான். அவன் கையைப் பிடித்தால் விலாங்குபோல வழுக்கியது, கடைசியில் என் சாரத்தைக் கழற்றி அவன் மணிக்கட்டில் சுற்றித்தான் இழுத்தேன். (சிரிக்க வேண்டாம், உள்ளே காற்சட்டை இருந்தது.)

சின்னவள்: மாமா, அதை எடுத்துக்கொள்கிறேன்! அவன் தன் நீலச் சட்டையைக் கிழித்து, தூக்கும் ஒவ்வொருவரின் மணிக்கட்டிலும் சுற்றுகிறான். மேலே காயக்காரரின் முகத்து எண்ணெயைத் துடைக்கும் அவள், அந்த நீலத் துண்டைக் காணும்போதெல்லாம் அவன் இன்னும் இருக்கிறான் என்று மூச்சு விடுகிறாள்.

பெரியப்பா: நன்று. வெள்ளை உடலில் செஞ்சிலுவை தீட்டிய வீட்டாவை விமானங்கள் தாக்கவில்லை என்பது இன்று நமக்குத் தெரியும். அந்தப் படகில் இருந்தவனுக்கோ, வானத்தில் ஓர் இரைச்சல் கேட்டாலே கை நின்றிருக்கும். அதையும் எழுது.

சின்னவள்: கடைசிப் படகில் வந்தவரின் கையில் துண்டு இல்லை. சட்டை முடிந்ததா, அவன் முடிந்தானா என்று அவளுக்குத் தெரியாது.

சின்னம்மா: அவனைக் கொன்றால் உனக்கு இந்த வீட்டில் இரவுச் சாப்பாடு இல்லை.

மாமா: காலையில் கரைக்கு வா மகள். வழுக்குகிற ஆளைத் தோணிக்குள் எப்படி ஏற்றுவது என்று காட்டுகிறேன், பழைய சட்டை ஒன்றும் கொண்டு வா.