தீயணைப்பு, அம்புலன்ஸ் ஆக்களுக்கு மனவடு நோய் வந்தால் நட்டஈடு கிடைக்குமோ?

கேள்வி (கோண்டாவிலான்):
யாழ்ப்பாணத்தில் தீயணைப்பு வேலை செய்யிற ஒருவருக்கு பீ.ரீ.எஸ்.டி. (மனவடு நோய்) எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்தில் கேக்கலாமோ?

சட்டப்பெட்டி:
கேக்கலாம், ஆனால் பாதை இடுக்கம். நீங்கள் கேக்கிற அந்தச் சட்டம், 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், வேலையால், வேலை நேரத்தில் நடந்த விபத்தின் காயத்துக்குத்தான் எழுதப்பட்டது. தொழில் நோய்ப் பட்டியலில் மனநோய் இல்லை. பட்டியலில் இல்லாத நோயெண்டால், அது குறித்த ஒரு விபத்துக் காயத்தால் நேரடியாக வந்தது எண்டு நிறுவ வேணும். "பல வருசமாப் பாத்த சாவுகள்" எண்டு பொதுவாய் எழுதினால் கோரிக்கை இங்கதான் விழும். ஒரு திகதி, ஒரு சம்பவம், அதில் அவருக்குப் பட்ட சூட்டுக்காயமோ புகைப் பாதிப்போ, அதைப் பிடியுங்கோ. பொலிசாருக்கும் படையினருக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது, அவையளுக்கு வேற ஏற்பாடு.

கிளினிக் கொப்பி:
அண்ணை, மருத்துவக் கடிதம் வலுவாய் இருக்க வேணும். "மன அழுத்தம்" எண்டு மட்டும் எழுதின துண்டு உதவாது. எஃப்43.1 எண்ட இந்த நோய்க்கான சர்வதேசக் குறியீடு, சம்பவத் திகதி, அறிகுறி தொடங்கின நாள், எந்த வேலையைச் செய்ய ஏலாது எண்டது எல்லாம் மனநல வைத்திய நிபுணர் எழுதட்டும். அறிகுறி ஒரு மாதத்துக்கு மேல் நீடிச்சால்தான் இந்த நோய் எண்டு சொல்லுவினம், அதனால் கிளினிக் திகதிகள் விடுபடக்கூடாது. யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவு இருக்கு.

சட்டப்பெட்டி:
தீயணைப்பு நிலையத்தின் அழைப்புப் பதிவேட்டில் அந்தச் சம்பவ நாளின் பக்கத்தை இப்பவே பிரதி எடுங்கோ. தொழில் தருநருக்கு எழுத்தில் அறிவித்து, பதிவுத் தபால் துண்டைக் கவனமாய் வையுங்கோ. பிந்தினால் அதுவே மறுக்கக் காரணமாகும். வழக்கு எப்பிடிப் போனாலும் சிகிச்சையை நிப்பாட்ட விடாதேங்கோ.