பெலாரஸ் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தால்: மொய், பூ, சாப்பாடு, சடங்கு

கேள்வி: மின்ஸ்குக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கூட வேலை பார்க்கும் பெலாரஸ்காரர் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். என்ன கொண்டுபோக வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

பதில் 1:

முதலில் ஒன்று. தலையைக் காட்டிவிட்டு, மொய் எழுதி, சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிற கல்யாணம் இல்லை இது. உங்கள் பெயரைச் சேர்த்துத்தான் மேசைக்கு ஆள் கணக்குப் பண்ணி உணவகத்தில் பணம் கட்டியிருப்பார்கள். வருகிறேன் என்றால் வந்தே ஆக வேண்டும்; சொல்லாமல் கூட ஒருவரை அழைத்துப் போகவும் கூடாது.

பூங்கொத்தில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் பூ இருக்கட்டும்: 5, 7, 9. இரட்டைப்படை சாவு வீட்டுக்கு. கடையில் "கல்யாணத்துக்கு" என்று சொன்னால் அவர்களே சரியாக எண்ணிக் கட்டிக்கொடுப்பார்கள். பணத்தை வாழ்த்து அட்டையுள்ள உறையில் வைத்துப் பெயர் எழுதுங்கள். நம் மொய்யில் போல ஒரு ரூபாய் கூட்டி வைக்கத் தேவையில்லை.

அந்த உறையை எப்போது கொடுப்பது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பழைய முறைப்படி செய்யும் வீடுகளில் விருந்தின் நடுவே கரவாய் பங்கிடுவார்கள். கரவாய் என்பது மாவாலேயே பறவை, பூ, இலை செய்து ஒட்டிய பெரிய கல்யாண ரொட்டி. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரு துண்டு கொடுப்பார்கள். நீங்கள் உறையைக் கொடுத்து, எல்லோர் முன்பும் இரண்டு வாக்கியம் வாழ்த்த வேண்டும். ரஷ்ய மொழியில் இரண்டு வரி மனப்பாடம் செய்துவிட்டுப் போங்கள், உச்சரிப்பு பிசகினாலும் பரவாயில்லை. துண்டை மறுக்காதீர்கள், மேசையில் விட்டுவிட்டும் வராதீர்கள். நகரத்துக் கல்யாணங்களில் பலர் இதை விட்டுவிட்டு, வாசலிலேயோ வாழ்த்துரை நேரத்திலேயோ உறையை வாங்கிக்கொள்கிறார்கள். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டப்படி கல்யாணம் என்பது ஸாக்ஸ் எனப்படும் பதிவு அலுவலகத்தில்தான். அங்கே மணமக்கள் ருச்னிக் என்ற பூவேலைத் துணியின் மேல் நிற்பார்கள். வெள்ளையில் சிவப்பு வேலைப்பாடு. கோமெல் பகுதியில் நேக்லுப்கா கிராமத்து நெசவு இதில் பேர்போனது. அதை நீங்கள் மிதித்துவிடக் கூடாது. மணப்பெண் நகரும்போது துணியைக் காலோடு கொஞ்சம் இழுத்துக்கொண்டு போவாள். பின்னால் நிற்கும் தோழிகளுக்கும் சீக்கிரம் கல்யாணம் ஆகும் என்று நம்பிக்கை.

விருந்தில் யாராவது "கோர்க்கா!" (கசக்கிறது!) என்று கத்தினால் எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள், மணமக்கள் எழுந்து முத்தமிடுவார்கள், நீங்களும் "ராஸ், த்வா, த்ரி" என்று எண்ண வேண்டும். சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

மது குடிக்காதவர்கள் கோப்பையைக் காலியாக வைக்காதீர்கள், ஊற்றிவிடுவார்கள். கம்போட் (பழங்களை வேகவைத்த இனிப்பு நீர்) அல்லது பழச்சாறு நிரப்பி வைத்து, வாழ்த்துச் சொல்லும்போதெல்லாம் எழுந்து கோப்பையைத் தூக்குங்கள். அது போதும்.

பதில் 2:

சைவர்கள் வருகையை உறுதிசெய்யும்போதே சொல்லிவிடுங்கள். காய்கறி சாலட் மாதிரி தெரியும் ஒலிவியேயில் பெரும்பாலும் இறைச்சித் துண்டு இருக்கும். பீட்ரூட் மூடிய ஷூபாவுக்கு அடியில் ஹெர்ரிங் மீன். திரானிக்கி உருளைக்கிழங்கு அடைதான், ஆனால் பலர் முட்டை சேர்ப்பார்கள், சில இடங்களில் பன்றிக்கொழுப்பில் சுடுவார்கள். முதலில் மேசை நிறைய வருவது குளிர்ந்த பதார்த்தம் மட்டுமே. அதிலேயே வயிற்றை நிரப்பினால் பின்னால் வரும் சூடான உணவுக்கு இடமிருக்காது.

மாப்பிள்ளை வீட்டோடு போகிறவர்கள் சாக்லேட்டும் சில்லறை நோட்டுகளும் எடுத்துக்கொள்ளுங்கள். பெண் வீட்டு மாடிப்படியில் தோழிகள் மறித்து, கேள்வி கேட்டு, பணயம் வாங்கித்தான் மேலே விடுவார்கள். விருந்தில் பெண்ணின் செருப்பைத் திருடுவதும் உண்டு. மீட்டுக்கொடுப்பது மாப்பிள்ளைத் தோழன் பொறுப்பு. நீல, இளஞ்சிவப்புக் குழந்தை உடுப்புகளோடு தோழர்கள் சுற்றி வந்தால், பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்ற பந்தயம். ஏதாவது ஒன்றில் சிறு நோட்டு போடுங்கள்.

கடைசியில் மாமியார் பெண்ணின் முக்காட்டை எடுத்துவிட்டுத் தலைத்துணி கட்டுவார். அந்தக் காலத்தில் நமீத்கா என்ற நீண்ட லினன் துணியைச் சுற்றுவார்கள். பெண் அழக்கூடும். அந்த நேரம் குறுக்கே போய் செல்ஃபி எடுக்காதீர்கள்.

பதில் 3:

உடை: முழு வெள்ளை மணப்பெண்ணுக்கு, அதைத் தவிருங்கள். பட்டுப்புடவை தாராளமாகக் கட்டலாம். நடனம் நிறைய என்பதால் நன்றாகப் பின் குத்திக்கொள்ளுங்கள்.

ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்தில் செவ்வாய், வியாழன், சனி மற்றும் நோன்புக் காலங்களில் மணமுடித்து வைக்க மாட்டார்கள். அதனால் பதிவு ஒரு நாள், தேவாலயம் வேறு நாள் என்று இருக்கலாம். அழைப்பில் எது எந்த நாள் என்று பாருங்கள். பெண்கள் தலையை மூட வேண்டும், முந்தானை போதும். பெரும்பாலும் நின்றபடியேதான், வசதியான செருப்பு போடுங்கள். க்ரோத்னோ பக்கம் கத்தோலிக்கர்கள் அதிகம். அங்கே தேவாலயத்தில் உட்கார இடமுண்டு.

கிராமமென்றால் இரண்டாம் நாளும் இருக்கிறதா என்று கேளுங்கள். வேஷம் கட்டி, போலி மணமக்கள் வந்து உங்களிடம் காசு பறிப்பார்கள். அதற்குச் சாதாரண உடையும் கொஞ்சம் சில்லறையும் தனியாக எடுத்து வையுங்கள்.