பழைய கார், 55-ஐத் தாண்டினா ‘உம்ம்ம்’னு சத்தம். டயர் மாத்தியும் போகல, உதவுங்க

தறிக்காரன், குடியாத்தம்
வணக்கம். போன மாசம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார் வாங்கினேன். 2018 மாடல், பெட்ரோல், டிஎன் 22 பதிவு, மீட்டர்ல 61,000. அம்மாவுக்கு வாரம் ரெண்டு தடவை வேலூர்ல டயாலிசிஸ். பஸ்ல இனிமே முடியாதுன்னு நகையை அடகு வச்சு வாங்கினது.

பள்ளிகொண்டா வரைக்கும் ஒண்ணும் தெரியல. ஹைவேல ஏறி 55 தாண்டினதும் அடியில இருந்து ‘உம்ம்ம்’னு ஆரம்பிக்குது. 80 போனா நாலு விசைத்தறி ஓடுற வீட்டுக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு. டயர் சத்தம்தான்னு ஒரு கடையில சொன்னாங்க. முன்னாடி ரெண்டு டயரும் புதுசு, அலைன்மென்ட், பேலன்சிங், எல்லாம் சேர்த்து 9,800 ஆச்சு. சத்தம் கொஞ்சம்கூட குறையல. வேற எங்க பார்க்கணும்?

ஆற்காட்டான்
செலவு பண்றத முதல்ல நிறுத்துங்க. ரோடு காலியா இருக்கிற இடத்துல 80ல போயி நியூட்ரலுக்கு மாத்துங்க. எஞ்சினை மட்டும் அணைச்சிடாதீங்க, பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லு மாதிரி ஆயிடும். நியூட்ரல்ல எஞ்சின் அடங்கினதும் சத்தமும் அடங்கினா எஞ்சின் பக்கம் பாருங்க. வண்டி வேகத்தோடயே சேர்ந்து மெதுவா குறைஞ்சா அது சக்கரம்தான். புதுத் தார் ரோட்டுலயும் சொரசொரப்பான ரோட்டுலயும் சத்தம் மாறினா டயர், எந்த ரோட்டுலயும் ஒரே மாதிரி இருந்தா பேரிங், அதாவது சக்கரம் உரசாம சுத்த உள்ள இருக்கிற குண்டு வளையம்.

தறிக்காரன், குடியாத்தம்
இன்னிக்கு பார்த்துட்டேன்ணா. நியூட்ரல்லயும் அதே சத்தம். ரோடு மாறினாலும் மாறல. இன்னொண்ணு, லேசா இடதுபக்கம் வளையும்போது அதிகமாகுது, வலதுல வளைஞ்சா கிட்டத்தட்ட காணாமப் போகுது. அப்ப இடது பேரிங்தானே?

சத்துவாச்சாரி ஷெட்
இல்ல தம்பி, வலது. இடதுபக்கம் திரும்பும்போது வண்டி பாரம் வலதுபக்கச் சக்கரத்து மேல சாயும். பாரம் ஏறினா கத்துற பேரிங்தான் போன பேரிங். இதுல தப்பா புரிஞ்சிக்கிட்டு நல்ல பேரிங்கைக் கழட்டிப் போட்டவங்களை 22 வருஷமா பார்க்கிறேன்.

அடுத்தது முன்னாடியா பின்னாடியா. ஓட்டுறவருக்கு அது சரியா தெரியாது, சத்தம் தரை வழியா ஓடி எங்கேயோ கேக்கும். பின்னாடி உக்காரறவங்க ஏதாவது சொன்னாங்களா?

தறிக்காரன், குடியாத்தம்
அம்மா திரும்பி வரும்போது பின்சீட்டுல வலதுபக்கம் தலை வச்சுப் படுத்துப்பாங்க. முதல் நாளே “என் தலைக்குக் கீழதான்டா உறுமுது”ன்னாங்க. அசதியில சொல்றாங்கன்னு நான் காதுல வாங்கல.

சத்துவாச்சாரி ஷெட்
அம்மா சொன்னதை முதல்லயே கேட்டிருந்தா முன்டயர் காசு மிச்சம். வலது பின்சக்கரத்தைத் தூக்கு. முன்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கல்லு வச்சு, முதல் கியர்ல நிறுத்தி, அப்புறம் ஹேண்ட்பிரேக்கை விடு. விடலன்னா சக்கரம் சுத்தாது. ஜாக்கியை மட்டும் நம்பாம ஸ்டாண்ட் குடு. மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டு, ஆட்டம் இருக்கான்னு பாரு. ஆட்டம் இல்லன்னா விட்டுடாத. ஒரு கையை ஸ்பிரிங் மேல வச்சுக்கிட்டு மறு கையால சக்கரத்தைச் சுத்து. நல்ல பேரிங்னா ஸ்பிரிங்ல ஒண்ணும் தெரியாது. போன பேரிங்னா மணலை அரைக்கிற மாதிரி விரலுக்குத் தெரியும். இடதுபக்கமும் அதே மாதிரி பார்த்து ஒப்பிட்டுக்கோ.

தறிக்காரன், குடியாத்தம்
வலது பின்பக்கம்தான்ணா! ஆட்டம் சுத்தமா இல்ல, ஆனா ஸ்பிரிங்ல கைய வச்சதும் கரகரன்னு தெரிஞ்சது. பக்கத்துத் தெரு மெக்கானிக் கழட்டினார். உள்ள கிரீஸ் டீ கலர்ல தண்ணியா வழியுது, பேரிங் முழுக்க துரு. 61,000 ஓடின வண்டியில இப்படி ஆகுமா?

ஆம்பூரான்
டீ கலர்னா தண்ணி உள்ள போயிருக்கு. 2021 நவம்பர் பாலாத்து வெள்ளத்துல என் வண்டி ரெண்டு நாள் தண்ணியில நின்னுச்சு. எனக்கும் மூணு மாசம் கழிச்சு பேரிங்தான் முதல்ல கத்துச்சு. உங்க வண்டி டிஎன் 22, சென்னைப் பக்கம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல அங்க எத்தனை வண்டி முழுகிச்சு! சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. வெளிய தெரியற பாகத்தைக் கழுவிடுவாங்க, உள்ள சுருண்டிருக்கிற கடைசி ரெண்டு அடியை யாரும் கழுவ மாட்டாங்க. ஸ்டெப்னியைத் தூக்கி அடியில வண்டல் இருக்கான்னும் பாருங்க. பழைய ஓனரோட 2024 இன்சூரன்ஸ் பாலிசி இருந்தா நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் போடாத வருஷத்துக்குக் குடுக்கிற தள்ளுபடி, எவ்வளவுன்னு பாருங்க. பூஜ்யமா இருந்தா முந்தின வருஷம் க்ளெய்ம் போட்டிருக்க வாய்ப்பு உண்டு.

தறிக்காரன், குடியாத்தம்
பெல்ட்டோட கடைசியில மண் கோடு இருக்கு. நேரா, கோலு வச்சுக் கிழிச்ச மாதிரி. பாலிசியில போனஸ் பூஜ்யம். வித்தவரு போன் எடுக்க மாட்டேங்கிறார். கை நடுங்குது, நகையெல்லாம் அம்மாவோடது.

சத்துவாச்சாரி ஷெட்
பதறாத தம்பி. பெல்ட் படம், பேரிங் படம், பாலிசி, பேசின மெசேஜ் எல்லாத்தையும் எடுத்து வச்சுக்கோ, நுகர்வோர் ஆணையத்துக்குப் போனா கேப்பாங்க. வண்டியை ஓட்டுற நிலைக்குக் கொண்டு வந்துடலாம். வலதைப் புதுசு போடு, இடதும் அதே தண்ணியில நின்னதுதான், அதையும் மாத்திடு. உன் வண்டியில ஏபிஎஸ் இருக்கு, பிரேக் அழுத்தினா சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கிறது. அதோட சென்சார் சக்கர வேகத்தைப் படிக்கிற காந்த வளையம் பேரிங்கோடவே வந்தா, எந்தப் பக்கம் பார்த்து மாட்டணுமோ அப்படித்தான் மாட்டணும். திருப்பிப் போட்டா மீட்டர்ல ஏபிஎஸ் விளக்கு எரியும். சுத்தியலால அடிச்சு ஏத்த விடாத, பிரஸ்ல ஏத்தணும். நடு நட்டும் புதுசு போட்டு, சரியான அளவு இறுக்கம் காட்டுற டார்க் ரெஞ்சுல இறுக்கணும்.

அதைவிட முக்கியம், முன்சீட்டுக்கு அடியில மஞ்சள் கப்ளர் (ஒயர் சேருற பிளக்) இருக்கும், ஏர்பேக்கோடது. பச்சை படிஞ்சிருந்தா நீ கை வைக்காத. பேட்டரியைக் கழட்டிட்டு எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும். அந்த வண்டியில அம்மா வராங்க.

தறிக்காரன், குடியாத்தம்
வலது மாத்தியாச்சு. நேத்து தனியா வேலூர் வரைக்கும் 80ல போயிட்டு வந்தேன், காத்து சத்தம்தான் கேட்டுச்சு. ரெண்டு கப்ளர்ல பச்சை இருக்கு, நாளைக்கு எலக்ட்ரீஷியன் வரார். அடுத்த டயாலிசிஸ் வியாழக்கிழமை. இடது பேரிங்கும் அதுக்குள்ள முடிஞ்சிடும், முடியலன்னா அன்னிக்கு மட்டும் வாடகை வண்டி சொல்லிடறேன்.